கரடிக்கு எந்தத் துப்பாக்கி

ஜன்னலோரம் நான் உக்காந்துக்கட்டுங்களா சார்? கொஞ்சம் வழி விடுங்க. போதும், போதும். நீங்களும் கோயமுத்தூர் வரைக்குங்களா? நல்லதாப் போச்சு. உங்க பையப் பாத்ததுமே நெனச்சேன், மிலிட்டரிக்காரரா இருப்பீங்கன்னு. எத்தனை வருசம் சர்வீஸ்? இருபத்திரண்டா! அப்ப துப்பாக்கி பத்தி உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இருக்காது. ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு கரடி எந்திரிச்சு நிக்குது. பத்தடி தூரம். உங்க கையில ஒத்தக்குழல், உள்ள ஒரே தோட்டா. அது பத்துமா? இல்ல, ரெட்டைக்குழல் வேணுமா?

இப்பவே சொல்ல வேண்டாம். முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. அரைகுறையாக் கேட்டுட்டு ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டாங்க. எங்க சகலை சொல்றதத்தான் தாங்க முடியல. அவன் கரடியப் படத்துல பாத்தவன். காரமடையில மில்லு வேலை பாக்கறவனுக்குக் கரடியப் பத்தி என்னங்க தெரியும்?

என் பேரு சபாபதிங்க. மலை மேல அரவேணுன்னு ஊரு, அதுக்குக் கீழ நமக்கு ஒரு ஏக்கரா தேயிலை. அதுக்குக் கீழ கொஞ்சம் சமதளம். எங்கப்பா இலங்கையிலருந்து வந்து, கம்பெனித் தோட்டத்துல நாளெல்லாம் கொழுந்து எடுத்து, கடைசியா வாங்கின நெலம். சமதளத்துல கேரட்டு போட்டேன், பன்னி தின்னுச்சு. பீன்ஸ் போட்டேன், அதையும் தின்னுச்சு. அப்புறம் ஒருத்தர் ஐடியா குடுத்தாருங்க, டென்ட்டு போடு, மெட்ராஸ்லருந்தும் பெங்களூர்லருந்தும் ஆளு வரும்னு. அஞ்சு டென்ட்டு போட்டேன். வந்தாங்க. பன்னி திங்காத பயிரு அது ஒண்ணுதான்.

சமையல் எல்லாம் தெய்வானைதான். எம் பொண்டாட்டி. அவ கை ருசிக்கே மறுபடி வந்தவங்க இருக்காங்க. வீடு மேல, டென்ட்டு கீழ. நடுவுல தேயிலைக்குள்ள ஒரு ஆள் நடக்கற பாதை. காலைல டீ, மத்தியானம் சாப்பாடு எல்லாம் அந்தப் பாதையிலதான் எறங்கணும். பாதையோரம் ரெண்டு பலாமரம். வைகாசி ஆனியில பழுத்துச்சுன்னா வாசம் ரோடு வரைக்கும் வரும். நமக்கே வருதுன்னா கரடிக்கு வராதுங்களா?

எங்க பக்கத்துக் கரடி கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். நம்மளத் தேடி வந்து கடிக்காது. கோயிலுக்குள்ள பூந்து வெளக்கெண்ணெயக் குடிக்கும், பேக்கரிக் கதவ ஒடைக்கும், போயிரும். அதுக்குக் கண்ணு சுமார், காதும் அப்படி இப்படிதான். தின்னுட்டிருக்கும்போது ஒண்ணுமே கேக்காது. திடீர்னு பக்கத்துல ஆளப் பாத்துச்சுன்னாதான் வெனை. பயத்துல மேல வுழுந்துரும். அதனால எங்க ஊர்ல தேயிலைக்குள்ள எறங்கறவங்க பேசிக்கிட்டே போவாங்க. ஆள் இல்லைன்னா இருமிட்டாவது போவாங்க. கொழுந்து எடுக்கற பொம்பளைங்க கத்தறது ரோட்டுக்கே கேக்கும். வெளியூர்க்காரங்க ஏதோ சண்டைன்னு நெனச்சுக்குவாங்க.

தெய்வானை இன்னும் ஒரு படி மேல. ஒரு கையில கரண்டி, ஒரு கையில எவர்சில்வர் தட்டு. டண் டண்ணு தட்டிக்கிட்டு, கரடி கூடப் பேசிட்டே எறங்குவா. "ஏ மாப்பிள்ளை, நான்தான் வர்றேன். தின்னது போதும், ஒதுங்கு. இன்னிக்கு இட்லி, உனக்குக் கெடையாது." இப்படி. பக்கத்து வீட்டு ஆள்கிட்ட பேசற மாதிரியே பேசுவா. பதினாறு வருசம் அப்படித்தான் எறங்கினா. ஒரு நாளும் ஒரு கீறல் பட்டதில்லைங்க.

ஆனா டென்ட்டுக்கு வர்றவங்க எதுக்கு வர்றாங்க? அமைதிக்கு வர்றாங்க. காலைல ஆறரை மணிக்கு டண் டண்ணு தட்டினா? ஒருத்தர் போன்ல எழுதிட்டாரு, 'சாப்பாடு அருமை, ஆனா காலையில் தாங்க முடியாத சத்தம்'னு. அஞ்சு நட்சத்திரம் போட வேண்டியவரு மூணு போட்டாரு. இன்னொருத்தரு, கரடியெல்லாம் இருக்கு, பாதுகாப்புக்கு என்ன வச்சிருக்கீங்கன்னு கேட்டாரு. இவளக் காட்டி, இவதான் தட்டோட இருக்கான்னு சொல்ல முடியுங்களா? எனக்கு மானக்கேடாப் போச்சு.

அப்பத்தான் துப்பாக்கிக்கு எழுதிப் போட்டேன். பயிர்ப் பாதுகாப்புன்னு கேட்டா லைசென்ஸ் குடுப்பாங்க. தாசில்தார் விசாரணை, போலீஸ் விசாரணை, வனத்துறையிலருந்து ஆளு வந்து பாத்தாங்க. ரெண்டு வருசம் அலைஞ்சேன் சார். கலெக்டர் ஆபீஸ் வாசல்ல இருக்கற நாயெல்லாம் எனக்குப் பழக்கம். கடைசியா கெடைச்சுச்சு. ஆனா கரடியச் சுடற உரிமை இல்லை, உசுருக்கு ஆபத்துன்னா மட்டும்தான்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் குடுத்தாங்க. அது எனக்கும் தெரியுங்க.

நானும் தெய்வானையும் கோயமுத்தூர் போனோம். துப்பாக்கிக் கடைக்கு. அவ பட்டுச் சேலை கட்டிக்கிட்டு வந்தா, கல்யாணத்துக்கு வர்ற மாதிரி. கடைக்காரரு எடுத்து எடுத்து வச்சாரு. ஒத்தக்குழல், ரெட்டைக்குழல், அஞ்சு தோட்டா உள்ள போட்டு இழுத்து இழுத்துச் சுடறது ஒண்ணு. ரெட்டைக்குழல எடுத்தேன், கனம். நாளெல்லாம் தோள்ல போட்டுட்டு மேடு ஏறணுமே. ஒத்தக்குழல எடுத்தேன், கைக்கு அம்சமா இருந்துச்சு. கட்டை நல்ல வாதுமை மரம், மெருகு போட்டு மொகம் தெரியுது. கடைக்காரரும், "உங்க ஒசரத்துக்கு இதுதாங்க எடுப்பு"ன்னாரு. எடுப்புன்னாரு சார். நான் கரடிக்குக் கேக்கறேன், அவரு என் ஒசரத்தச் சொல்றாரு. அன்னிக்கு எனக்கு அது உறைக்கல.

தெய்வானை அவருகிட்ட கேட்டா, "ஏனுங்கண்ணா, இதுல எது சத்தம் பெருசா போடும்?"

கடையில இருந்த எல்லாரும் சிரிச்சுட்டாங்க. கடைக்காரரு, "தங்கச்சி, சத்தத்துக்கு வேணும்னா தீபாவளிக்கு வாங்க, அணுகுண்டு வாங்கலாம்"னாரு. நானும் சிரிச்சேன். அவளும் எங்களோட சேந்து சிரிச்சா. ஆனா பஸ்ல வரும்போது ஜன்னல் பக்கமே திரும்பிட்டு வந்தா. குஞ்சப்பனை தாண்டினதும் சொன்னா, "அதச் சுடறதுக்குக் கேக்கலைங்க. வெரட்டறதுக்குத்தான் கேட்டேன்." பொம்பளைக்கு என்னங்க தெரியும்?

துப்பாக்கி வந்ததும் எங்க எடமே மாறிப்போச்சு. ரோட்டுல போர்டு வச்சேன், 'ஆயுதப் பாதுகாப்புடன் கூடிய கூடாரங்கள்'. வர்றவங்க எல்லாம் மொதல்ல அதத்தான் பாக்கக் கேப்பாங்க. தோள்ல போட்டுக்கிட்டு போட்டோ எடுத்துக்குவாங்க. காலைல டீ கொண்டுபோகும்போது நான் முன்னாடியோ பின்னாடியோ துப்பாக்கியோட நடப்பேன். அப்புறம் எதுக்குங்க தட்டு? சொன்னேன். "இனிமே தட்டற வேலை வேண்டாம், வாய மூடிட்டு வா. நான் இருக்கேன்ல." நான் இருக்கேன்லன்னு சொன்னேன் சார். ஆசையாத்தான் சொன்னேன்.

மொத நாலு நாள் அவளால முடியல. பாதி வழியில வாய் தானாத் தொறந்துக்கும், "ஏ மாப்பி..."ம்பா, என்னைத் திரும்பிப் பாத்துட்டு நிறுத்திக்குவா. எனக்கு சிரிப்பு வரும். அப்புறம் பழகிட்டா. சேலை உரசற சத்தம் மட்டும்தான் கேக்கும். அப்பத்துலருந்து ஒரு புகாரும் வரலைங்க.

அது போன வருசத்துக்கு முந்துன வருசம், ஆனி மாசம். மெட்ராஸ்லருந்து ஒரு குடும்பம் வந்திருந்தாங்க. பெரிய கேமரா வச்சிருந்தாரு அந்த வீட்டுக்காரரு. ராத்திரியெல்லாம் பலாப்பழம் வுழுகற சத்தம் கேட்டுச்சாம். காலைல கரடி அங்கேயேதான் இருக்கும், ஒரு போட்டோ எடுத்துரணும்னு விடியறதுக்கு முன்னாடியே எனக்குப் போன் பண்ணிட்டாரு. ரோட்டச் சுத்தி மேல வர்றேன், சேந்து எறங்கலாம், மெதுவா சத்தமில்லாம போலாம்னாரு. வந்தாரு. பாதையில மூணு பேரு. தெய்வானை முன்னாடி, கையில டீ ப்ளாஸ்க்கு. அடுத்து நான். எனக்குப் பின்னாடி கேமராக்காரரு. நான் ஏன் முன்னாடி போகலைன்னு கேக்கறீங்களா? போலீஸ்லயும் அதத்தான் கேட்டாங்க. குழல் முன்னாடி பாத்து இருக்கணும்ல சார், எனக்குப் பின்னால அவ வந்தா நான் திரும்பும்போது அவ மேல படாதுங்களா? பாதுகாப்புக்காகத்தான் அவள முன்னாடி விட்டேன்.

நல்ல மஞ்சு. நாலு செடிக்கு அப்பால ஒண்ணும் தெரியல. பலாமரத்தடி வந்ததும் அவ நின்னுட்டா. வாசம் அடிச்சிருக்கு அவளுக்கு, கரடி வாசம். திரும்பி என்னைப் பாத்தா. வாயத் தொறந்தா. நான் கையக் காட்டினேன், ஸ்ஸ், சத்தம் போடாதன்னு. தோட்டா இருக்கான்னு குழல மடக்கிப் பாத்துக்கிட்டேன். இருந்துச்சு. எல்.ஜி. தோட்டா, பெரிய குண்டு. போன்னு தலையாட்டினேன். போனா.

குட்டி ஒண்ணு இருந்திருக்கு சார். அது எங்களுக்குத் தெரியாது. செடிக்குள்ளருந்து தாய்க்கரடி எந்திரிச்சு நின்னுச்சு. தெய்வானைக்கும் அதுக்கும் நடுவுல இந்தச் சீட்டுக்கும் அந்த டிரைவருக்கும் இருக்கற தூரங்கூட இல்ல. அப்பக்கூட அவ கத்தலைங்க. நான் சொல்லியிருந்தேன்ல, அசையாத, கத்தாதன்னு. சிலை மாதிரி நின்னா. நான் துப்பாக்கிய ஏத்திட்டேன். ஒரே தோட்டா. குறி தப்புச்சுன்னா மறுபடி மடக்கி, பழைய தோட்டாவ எடுத்து, புதுசப் போட்டு... அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். அதனால நிதானமாக் குறி பாத்தேன். ஒரு பக்கம் இவ தோளு, ஒரு பக்கம் அதோட தலை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு பாத்தேன். ரெட்டைக்குழல் இருந்திருந்தா மொதத் தோட்டாவ தைரியமா விட்டிருப்பேன்ல சார்? அதத்தான் கேக்கறேன். ரெண்டாவது ஒண்ணு கையில இருக்குன்னா மனசுக்கு அது ஒரு தெம்புதானே?

நான் குறி பாத்துட்டே இருந்தேன். அது வந்துருச்சு.

அத நான் சொல்ல மாட்டேங்க.

மேல ரோட்டுல கொழுந்து எடுக்கப் போன பொம்பளைங்க கேமராக்காரரு அலறினதக் கேட்டு ஓடி வந்தாங்க. பத்துப் பன்னண்டு பேரு. டின்னத் தட்டிக்கிட்டு, ஓ ஓன்னு கத்திக்கிட்டு. கரடி விட்டுட்டுக் குட்டியக் கூட்டிட்டுப் போயிருச்சு. நான் சுட்டதுலதான் போச்சுங்க. அவங்க எல்லாம், கரடி போன பொறகுதான் வெடிச் சத்தம் கேட்டுச்சும்பாங்க. அந்தக் கூச்சல்ல அவங்களுக்கு எது முன்ன எது பின்னன்னு எப்படித் தெரியும்? சரி, பின்னதான்னே வச்சுக்குவோம். சுட்டது சுட்டதுதானே.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில மூணு மாசம். உசுரு பொழைச்சுது. எடது கண்ணு போச்சு. தாடை எலும்புக்குத் தகடு வச்சிருக்காங்க. இப்பவும் கஞ்சி, கொழஞ்ச சோறு, அவ்வளவுதான். அவ சமையலுக்கு ஊரே வந்துச்சு, அவளால ஒரு முறுக்கக் கடிக்க முடியாது.  மொகத்துல பாதிய முந்தானையில மூடிக்குவா. எங்கிட்டயே மூடிக்குவா. இருவது வருசம் பாத்த மொகம், எங்கிட்ட எதுக்குங்க மூடறா?

ஆஸ்பத்திரியிலருந்து நேரா காரமடைக்குப் போயிட்டா, தங்கச்சி கோமதி வீட்டுக்கு. கொஞ்ச நாளுதான்னா. இன்னும் வரல. துப்பாக்கிய போலீஸ்ல வாங்கி வச்சுக்கிட்டாங்க, வனத்துறையில கேசு. எல்லாம் முடிஞ்சு போன மாசந்தான் லைசென்ஸ் திரும்பக் கையில வந்துச்சு. இதோ இந்தக் கவர்ல இருக்கு பாருங்க. கடையில வச்சிருக்கற அந்தச் சனியன் ஒத்தக்குழலக் குடுத்துட்டு ரெட்டைக்குழல் வாங்கிரணும். அதுக்குத்தான் இன்னிக்குப் போறேன்.

டென்ட்டா? இருக்குங்க, ஓடுது. சமையலுக்கு ஆள் போட்டிருக்கேன். அவன் வாயே தொறக்க மாட்டான். வர்றவங்க எல்லாம் அஞ்சு நட்சத்திரம் போடறாங்க. 'இவ்வளவு அமைதியான இடத்தைப் பார்த்ததில்லை'ன்னு எழுதறாங்க. அமைதிதான் சார். வீட்டுக்குள்ள நான் வச்ச டம்ளரு சத்தம் எனக்கே கேக்குது. சொல்ல வெக்கமா இருக்கு, சில நாள் வீட்டுக்குள்ள போகாம சமையக்கட்டு வாசப்படியிலயே உக்காந்திருப்பேன். அவ இல்லாம என்னால முடியலைங்க. இந்த வயசுல ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியல, பஸ்ல உங்ககிட்ட சொல்றேன்.

சித்திரையில போயிருந்தேன் காரமடைக்கு. கடையில குடுத்த ரெட்டைக்குழல் படம் கொண்டுபோனேன். விரிச்சுக் காட்டினேன். "இத வாங்கிர்றேன் தெய்வான. ஒண்ணு தப்புனாலும் இன்னொண்ணு இருக்கு. இனி பயமில்ல. வீட்டுக்கு வந்துரு"ன்னேன். ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பாத்தா. அப்புறம் முந்தானைக்குள்ளருந்து ஏதோ சொன்னா. தகடு வச்ச வாயி, பேச்சு தெளிவா வராது. கோமதியத்தான் கேட்டேன், என்ன சொல்றான்னு. கோமதி தலையக் குனிஞ்சுக்கிட்டா. சகலைதான் சொன்னான்.

"என்னப் பேச விட்டிருக்கலாமேங்கறாங்க, அண்ணா."

பாருங்க சார். நான் துப்பாக்கியக் கேக்கறேன், அவ எதையோ சொல்றா. தலையில பட்ட அடி, டாக்டரும் சொன்னாரு, சிலது முன்னப்பின்ன ஆகும்னு. அதுக்குப் போயி அந்த சகலைப் பய, "அவங்க சொல்றதுல என்னங்கண்ணா தப்பு? நீங்க வாங்கினது ஒத்தையோ ரெட்டையோ, அதுக்கு முன்னாடி பதினாறு வருசம் எப்படி நடந்தாங்க?"ன்னு எங்கிட்டயே கேக்கறான். மில்லுல நூல் பிடிக்கறவன். எந்திரிச்சு வந்துட்டேன். வாசல்ல செருப்பக்கூட எடது வலது மாத்தி மாட்டிட்டேன். கோவம்தான் சார், வேற ஒண்ணுமில்ல.

அதுக்கப்புறம் போகல. போகக்கூடாதுன்னு இல்லைங்க. வெறுங்கையோட எந்த மொகத்தோட போறது?

முழுசாக் கேட்டுட்டீங்கல்ல, இப்பச் சொல்லுங்க சார். மேட்டுப்பாளையத்துலருந்தே பாக்கறேன், என்னையே பாத்துட்டு வர்றீங்க. ரெட்டைக்குழல் இருந்திருந்தா அவ மொகம் தப்பிச்சிருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மிலிட்டரிக்காரரு நீங்க. நீங்க சொன்னா நான் நம்புவேன். வேற ஒண்ணு சொல்லிராதீங்க சார். வேற ஒண்ணுன்னா... நான்தானே அவளப் பாத்து ஸ்ஸ்ஸுன்னேன்? அவ வாயத் தொறந்தா சார். நான் பாத்தேன், தொறந்தா. அதுக்கு எங்க போவேன் நான்?

இல்ல, தண்ணி வேண்டாங்க. வெயிலு கண்ணுல அடிக்குது, அவ்வளவுதான்.

காரமடை வந்துருச்சா? ஆமா, கோயில் தேர் நிக்கற தேர் முட்டி தெரியுது. அந்த மெடிக்கல் கடை இருக்கு பாருங்க, அதுக்குப் பின்னாடி சந்துல நாலாவது வீடு. இந்நேரம் வாசல்ல சேர் போட்டு உக்காந்திருப்பா, காலை வெயில் நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இங்கருந்து அஞ்சு நிமிசம்கூட இல்ல.

எதுக்கு சார் எந்திரிச்சு நிக்கறீங்க? எனக்கு வழி விடறீங்களா? வேண்டாங்க. நான் கோயமுத்தூருக்கு டிக்கெட் எடுத்துட்டேன். கடைக்காரரு பத்தரைக்கு வரச் சொல்லியிருக்காரு. வாங்கிட்டு வரும்போது எறங்கிக்கறேன்.

உக்காருங்க சார். எல்லாரும் பாக்கறாங்க. கண்டக்டரு விசிலு குடுத்துட்டாரு பாருங்க, பஸ் கெளம்பிருச்சு.